கக்கத்துப் பை

லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சரிதா சீட் தைக்கிறாள். பதினாறு வருடமாக அதே வேலை. வெறும் சேசிஸாக வருகிற வண்டி, பலகையும் தகரமும் ஏறி, பெயின்ட் அடித்து, கேபினும் கதவுமாக நிற்கிறபோது கடைசியில் அவள் தைத்த சீட் உள்ளே போகும். வண்டியை எடுக்க வந்த டிரைவர் ஏறி உட்கார்ந்து இரண்டு முறை குதித்துப் பார்ப்பார். "யாருங்க தெச்சது? நல்லா இருக்குதுங்க" என்று கேட்பார். பட்டறைக்காரர் கௌதமன் இவளைக் கை காட்டியதும் பாதிப் பேருக்கு அடுத்த குதி வராது.

தையல் கோணினால் அவளுக்குப் பொறுக்காது. சீட்டின் அடிப்பக்கம் யாரும் பார்க்காத இடம்தான். அங்கே ஒரு வரி வளைந்தாலும் பிரித்துவிட்டுத் திரும்ப அடிப்பாள். "லாரிக்காரன் குப்புறப் படுத்தா பாக்கப் போறான்?" என்று பக்கத்து மிஷின் குப்பாயி கேட்பாள். "நான் பாத்துட்டனே அக்கா" என்பாள் சரிதா. அவள் பிறந்தது சேலத்துப் பக்கம் இளம்பிள்ளை என்கிற ஊரில். அப்பா தறி ஓட்டியவர். புடவையில் ஓர் இழை அறுந்தாலும் எல்லோர் கண்ணிலும் படுகிற வீடு. பத்தாவது முடித்து, கொஞ்ச காலம் வீட்டில் இருந்து, கல்யாணமாகி நாமக்கல் வந்தாள். ஒரே மகள் மோனிஷாவைக் கெங்கவல்லியில் கட்டிக் கொடுத்தாயிற்று. இப்போது வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரன் சிவக்குமாரும்தான்.

சிவக்குமார் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவன். நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் இடையில் ஓடுகிற வண்டி. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே அவன் குரல் நுழைந்துவிடும். "புதன்சந்தை, ஆண்டகளூர் கேட், ராசிபுரம், மல்லூர், சேலேம்!" கடைசி ஊரை மட்டும் இழுப்பான். அந்த இழுப்பைக் கேட்டு ஓடி வந்து ஏறுகிறவர்கள் இருந்தார்கள்.

அவன் இடது கக்கத்தில் எப்போதும் ஒரு தோல்பை இருக்கும். வாரைக் குட்டையாகத் தோளில் மாட்டி, பையைக் கக்கத்துக்குள் இடுக்கி, முழங்கையால் ஓர் அழுத்து அழுத்திக்கொள்வான். கண்டக்டர்கள் எல்லோருக்கும் அது வழக்கம். கூட்டத்தில் பை முன்னால் தொங்கினால் யாராவது கையை விடுவார்கள். கக்கத்தில் இருந்தால் சில்லறை குலுங்குவதுகூட உடம்புக்குத் தெரியும். இருபது வருடம் இப்படி இடுக்கியதில், வீட்டில் வெறுமனே நடக்கும்போதும் அந்த இடது கை உடம்போடு ஒட்டியே இருக்கும். "அப்பா, கையில ஒண்ணுமே இல்லியே, யாரு புடுங்கப் போறா?" என்று மோனிஷா சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆண்டகளூர் கேட்டில் அவன் படிக்கட்டில் நின்றபடி ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உரசி வந்த வேன் ஒன்று அவனைப் பஸ்ஸோடு சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்பெலும்பு நொறுங்கியது. எலும்பு ஒரு வழியாகக் கூடிவிட்டது. அறுந்துபோன மூத்திரக் குழாய் கூடவில்லை. இரண்டு முறை ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கடைசியில் தொப்புளுக்குக் கீழே வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்தார்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் பை. "இனி இதோட பழகிக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ்தான் சரிதாவைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினாள்.

"பை எப்பவும் கீழ தொங்கணும்மா. தொப்புளுக்கு மேல தூக்கவே கூடாது. தூக்குனா குழாய்ல நிக்கறது திரும்பி உள்ள போயிரும். அப்பறம் கிருமி ஏறி கிட்னிக்குப் போயிரும். புரியுதா?"

சரிதாவுக்குப் புரிந்தது. கட்டில் காலில் ஒரு கொக்கி அடித்து அதில் பையை மாட்டினாள். வெளியே போக வேண்டியிருந்தால் அவன் அதை ஒரு துணிப்பைக்குள் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு போவான். ஒரு நாள் காலை டீக்கடையில் துணிப்பையின் வாய் விலகி மஞ்சளாக ஒரு மூலை தெரிந்தது. தெருவில் இருக்கும் யோகேஷ் என்கிற இளவட்டம், விவரம் தெரியாமல், "என்னண்ணா, காலையிலயே ஆப்பிள் ஜூஸ் பார்சலா?" என்று கேட்டுவிட்டான். யாரும் சிரிக்கவில்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அவனை முறைத்தார். யோகேஷுக்குப் புரிந்து முகம் செத்துப்போனது. அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சிவக்குமார் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். அதற்குப் பிறகு ஏழு மாதம் அவன் வாசலைத் தாண்டவில்லை.

ஏழாவது மாதத்தில்தான் ஜான் பாஷா ஒரு சேதியோடு வந்தார். சிவக்குமாரோடு ஒரே வண்டியில் பதினாலு வருடம் டிரைவராக ஓடியவர். வாரத்துக்கு ஒரு முறை வருவார், உட்காருவார், பஸ் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவார். அன்றைக்கு உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"மாப்ள, மொதலாளி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பர் போடறாரு. உன்னத்தான் கேட்டாரு."

"எனக்கெதுக்கு பாய்."

"உக்காந்த எடத்துல வேலை. நம்ம வண்டி வந்த நேரம், போன நேரம் எழுதோணும். அடுத்த கம்பெனிக்காரன் ஒரு நிமிசம் சேத்தி நின்னான்னா கத்தோணும். கத்தறதுக்கு உன்ன உட்டா ஆளு ஏது?"

"இதத் தூக்கிக்கிட்டா?" சிவக்குமார் கட்டில் காலைக் கண்ணால் காட்டினான்.

பாஷா கொக்கியிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டு, "ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்லோணுமாம். இல்லீன்னா வேற ஆளப் போட்டுருவாரு" என்றார்.

அவரை வழியனுப்ப வாசலுக்கு வந்த சரிதா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "பாஷாண்ணா, பஸ் ஸ்டாண்டுல ஒரு ஆளுகிட்ட என்ன இருந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க?"

"என்ன இருந்தாலும் பாப்பானுங்க தங்கச்சி. அங்க வேற என்ன பொழப்பு?" என்று சிரித்தவர், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "கண்டக்டர் பைய வேணா எவனும் பாக்க மாட்டான்."

அந்த ஒரு பேச்சு சரிதாவுக்குப் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் புதிய மூத்திரப் பை ஒன்றை எடுத்துச் சொம்பால் தண்ணீர் அளந்து ஊற்றினாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதைப் படுக்க வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். வெறும் பை ஒரு கோடு, பாதி நிறைந்தது ஒரு கோடு, முழுக்க நிறைந்தது ஒரு கோடு. நிறைந்தால் சினைமீன் மாதிரி வயிறு தள்ளியது. கண்டக்டர் பை தட்டையானது. அப்படியே தைத்தால் வயிறு வெளியே தெரியும். அதனால் இரண்டு பக்கமும் மூன்று விரல் அகலத்துக்குப் பட்டை கொடுத்து ஆழம் ஏற்படுத்த வேண்டும், பாதிக்கு மேல் நிறைய விடாமல் காலி செய்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டாள். குழாய் வெளியே தெரியாமல் சட்டைக்குள்ளிருந்து நேராகப் பைக்குள் இறங்க, முதுகுப் பக்கம் ஒரு துளை. திறந்து காலி செய்ய, அடியில் அழுத்தி மூடுகிற டிச் பட்டன் வைத்த மூடி. உடம்பை ஒட்டிய பக்கம் நீளமாக ஒரு கீறல் விட்டால், எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று அவனுக்கு மட்டும் தெரியும். முன்னால் பேனாவும் நேரம் எழுதுகிற நோட்டும் வைக்க ஒரு சின்ன அறை. பார்க்கிறவன் கண் முதலில் பேனாவில் போய் நிற்கட்டும்.

பட்டறையில் கழித்துப் போட்ட ரெக்ஸினில் முதலில் ஒரு மாதிரி தைத்து அதைக் கதவில் மாட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள அது?" என்று கட்டிலில் இருந்து கேட்டான்.

"சும்மா மாடலுங்க மாமா."

"எந்த லாரிக்கு?"

அவள் பென்சிலை எடுத்து அதன் ஓரத்தில் ஒரு கோடு போட்டாள்.  அன்று மத்தியானம் முழுக்க அவன் பார்வை கதவுக்குப் போய்ப் போய் வந்தது.

ரெக்ஸினிலேயே தைத்திருக்கலாம். ஆனால் ரெக்ஸின் வெயிலில் வியர்க்கும், நாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மடிப்பில் வெடிக்கும். போதாததற்கு இருபது வருடம் தோல்பையோடு வாழ்ந்தவன் அவன். சேலத்துக்குப் போய், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் செருப்புச் சாமான் விற்கும் நயீம் கடையைக் கண்டுபிடித்தாள். பழுப்பு நிறத் தோல் ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள்.

"சீட்டு தெக்கறவங்களா?" என்றார் நயீம்.

"எப்புடிங்க தெரியும்?"

"இழுத்துப் பாக்கறீங்களே. தோல மடிச்சுப் பாக்கணும். ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ரெக்ஸின்ல தப்பாப் போனா பிரிச்சு அடிச்சுக்கலாம். இதுல ஊசி போன எடம் மூடாது. போனது போனதுதான்."

தோலோடு மெழுகு பூசிய நூல், தடித்த ஊசி இரண்டு, துளை போடக் குத்தூசி ஒன்று எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தாள். பட்டறை மிஷினில் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. ஆனால் அங்கே ஆளாளுக்கு என்ன, யாருக்கு என்று கேட்பார்கள். கையால்தான் தைக்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

கைத்தையல் அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கத்திலிருந்து இன்னோர் ஊசி, இரண்டும் ஒரே துளை வழியாகக் கடந்து போக வேண்டும். பிறகு இரண்டு கையையும் விரித்து ஒரே அளவாக இழுக்க வேண்டும். ஒரு கை கூடுதலாக இழுத்தால் தையல் சாய்ந்துவிடும். பையை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைத்தாள். குத்தூசி இரண்டு முறை கட்டைவிரலில் இறங்கியது. பக்கப்பட்டை வளைகிற மூலையில் ஒரு துளை வரி விட்டு விலகிப் போய்விட்டது. வழக்கம்போலப் பிரிக்கப் போனவள் நயீம் சொன்னது ஞாபகம் வந்து கையை நிறுத்தினாள். தன் வேலையில் ஒரு கோணல் தையலை அவள் அப்படியே விட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று ஞாயிறு ஆனது. வார் மட்டும் பாக்கி இருந்தபோது அவனை எழுந்து நிற்கச் சொல்லி அளவெடுத்தாள். அதுவரை அந்தப் பை யாருக்கு என்று இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே இல்லை.

"இவ்ளோ நீளமா?" என்றான்.

"தொடை வரைக்கும் தொங்கோணுமுங்க. நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருக்குதில்ல?"

"தொடையில தொங்குனா அது தபால்காரன் பை."

"கக்கத்துல வெச்சா கிட்னிக்குப் போயிருமுங்க மாமா."

"தெரியும் புள்ள. சும்மா சொன்னேன்."

"பக்கிள் வெக்க மாட்டேன். வெச்சா குட்டையாக்கிருவீங்க" என்று சொல்லி, வாரின் இரண்டு முனையையும் பையோடு சேர்த்து ஒரேயடியாகத் தைத்துவிட்டாள்.

முப்பதாம் தேதி அவன் பாஷாவுக்குப் போன் செய்தான். ஒண்ணாம் தேதி காலையில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். அடி மூடியைத் தடவினான். "பேனா குடு" என்றான். சரிதா பேனாவை முன்னறையில் செருகினாள். டீக்கடையைத் தாண்டும்போது அவன் நடை ஒரு நொடி தயங்கியது. உள்ளேயிருந்து யோகேஷ், "அண்ணா, மறுபடி டூட்டியா? சொல்லவே இல்ல!" என்று கத்தினான். அவன் கண் பையின் மேல் போனது, பேனாவைப் பார்த்தது, அவ்வளவுதான். "ஆமாண்டா!" என்று சிவக்குமார் பதிலுக்குக் கத்தினான்.

அந்த மாதம் வீடே மாறிப்போனது போல இருந்தது. சாயங்காலம் திரும்பி வந்ததும் அவன் சொல்லுவதற்கு ஆயிரம் இருந்தது. எந்த வண்டி எத்தனை நிமிடம் லேட், எந்த டிரைவர் எவனோடு சண்டை, யாருக்கு யார் மேல் கண். சோறு இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். கெங்கவல்லிக்குப் போன் போட்டு மோனிஷாவிடம், "உங்கம்மா தெச்ச பையப் பாத்துட்டு ராசிபுரம் கண்டக்டரு எனக்கொண்ணு வேணுங்கறான்டி" என்று பெருமை அடித்தான். சரிதா அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள்.

மூன்றாவது வாரம், ஒரு புதன்கிழமை. பட்டறையில் கரன்ட் போய்விட்டதால் மத்தியானமே விட்டுவிட்டார்கள். சரிதா காய் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தாள். சேலம் வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரே கூச்சல். அடுத்த கம்பெனி பஸ் தன் நேரம் முடிந்தும் நகராமல் நிற்க, நடுவில் சிவக்குமார் நின்றுகொண்டிருந்தான்.

"எடுறா வண்டிய! ரெண்டு நிமிசம் ஆச்சு! உன்ற வாட்ச்சுல முள்ளு சுத்தாதா?" வலது கையால் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். அந்தக் கண்டக்டர், "ஒரு ஆளு வந்துட்டிருக்காருங்கண்ணா" என்று கெஞ்ச, "யாரு, உன்ற மாமனாரா?" என்று கேட்டான். சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள்.

சரிதாவும் சிரித்துவிட்டாள். பூக்கடை ஓரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆள் அப்படியே நின்றான். அதே குரல், அதே நிற்பு, இடது முழங்கை உடம்போடு ஒட்டி, கக்கத்தில் பை இடுக்கி. அவளுக்குக் கண் கலங்கியது. பார்க்க வேண்டியதை அவள் பார்க்கவே கொஞ்ச நேரமானது. தோளிலிருந்து வார் நீளமாக, வேலையில்லாமல், வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. பை அவன் நெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டடி எடுத்து வைத்தாள். அவனைச் சுற்றி ஏழெட்டு ஆண்கள். "பையக் கீழ உடுங்க" என்று இங்கிருந்து கத்தினால் அத்தனை கண்ணும் பையின் மேல் விழும். ஏன், எதற்கு என்று ஒருவன் கேட்டாலும் போதும். தன் தொடையைத் தட்டித் தட்டிச் சாடை காட்டினாள். அவன் இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அந்தப் பஸ் நகர்ந்து, சிரிப்பு அடங்கி, அவன் நாற்காலியில் உட்கார்ந்து, பை தானாகக் கீழே இறங்கும் வரை அவள் காய்ப்பையோடு அங்கேயே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "எத்தன நாளா கக்கத்துல வெக்கறீங்க?"

"எதை?"

"பையத்தான்."

"நான் எங்க வெச்சேன்? தொங்கிக்கிட்டுத்தான இருக்குது."

"நான் பாத்தனுங்க. வண்டி நின்னதுக்குக் கத்தும்போது."

மறுக்க வாயெடுத்தவன் நிறுத்தினான். இடது கையைத் தூக்கி, வேறு யாருடைய கையோ போலப் பார்த்தான். "சத்தியமா எனக்குத் தெரியல சரிதா" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கூட்டத்தைக் கண்டால், சத்தத்தைக் கேட்டால், அந்தக் கை தானாகப் பையை எடுத்து இடுக்கிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று அவனாலும் சொல்ல முடியவில்லை.

"ஞாயித்துக்கெழமை ஒரு பட்டை வெச்சுத் தாரேன். பெல்ட்டோட சேத்துக் கட்டிரலாம். அது வரைக்கும் சித்தெ பாத்துக்கோங்க மாமா."

"பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவனுக்குக் குளிர் எடுத்தது. வெயில் கொளுத்துகிற நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பல் கிடுகிடுக்க நடுங்கினான். சேலம் கிளம்பத் தயாராக நின்ற ஜான் பாஷா அவனைத் தூக்கித் தன் வண்டியிலேயே முன்சீட்டில் போட்டு, தன் துண்டைச் சுற்றிவிட்டு, சரிதாவுக்குப் போன் செய்தார். அவள் பட்டறையிலிருந்து ஓடி வந்து வண்டியைப் பிடித்தாள். தான் இருபது வருடம் டிக்கெட் கிழித்த பஸ்ஸில் சிவக்குமார் முதன்முறையாகப் பயணியாகப் போனான். மல்லூர் தாண்டும்போது பிதற்ற ஆரம்பித்துவிட்டான். ஊர்ப் பெயர்களைத்தான் வரிசை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாம் பார்த்து முடித்துவிட்டுக் கேட்டார். "பைய மேல தூக்கி வெச்சிருந்தாரா?" பிறகு தோல்பையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துளை, கீறல், அடி மூடி எல்லாவற்றையும் விரலால் தொட்டுப் பார்த்தார். "இது யாரு பண்ணது?"

"நானுங்க."

"நல்லா யோசிச்சு பண்ணியிருக்கீங்க" என்றார். அவர் உண்மையாகவே பாராட்டினார். அதன் பிறகு, கிருமி கிட்னிக்கு ஏறிவிட்டது, ஒரு கிட்னி பாதிதான் வேலை செய்யும், இன்னொரு தடவை இப்படிக் காய்ச்சல் வந்தால் தன்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

பதினோரு நாள் அங்கே இருந்தார்கள். அந்தப் பதினோரு நாளும் சரிதா ஒன்றையே திரும்பத் திரும்ப யோசித்தாள். மளிகைப் பை மாதிரி தைத்திருக்கலாம். காலேஜ் பிள்ளைகள் மாட்டுகிற பை மாதிரி தைத்திருக்கலாம். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று அச்சு அசலாகக் கண்டக்டர் பையைத் தைத்தாள். ஊரே நம்பியது. அவன் கையும் நம்பிவிட்டது. கௌதமனிடம் லீவு சொல்லப் போன் செய்தபோது இதைச் சொல்ல வாய் வரை வந்தது. யாரிடம் சொன்னாலும் உன் மேல் என்ன தப்பு என்பார்கள். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவன் பாதியாக இளைத்திருந்தான். பை மறுபடி கட்டில் கால் கொக்கிக்குப் போனது. பாஷா வந்து, நாற்காலியில் தற்காலிகமாக வேறு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள், பத்து நாள் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"வேற மாதிரி தெச்சுத் தாரனுங்க. ஸ்கூல் பை மாதிரி" என்றாள் சரிதா.

"எதத் தோள்ல போட்டாலும் இந்தக் கை தூக்கிரும் புள்ள. பை என்ன பண்ணுச்சு."

"பெல்ட்டோட கட்டிரலாம்."

"கட்டு. அதையும் சேத்துப் புடுங்கும்."

"அப்பப் போக வேண்டாமுங்க மாமா. இங்கயே இருங்க. நான் சம்பாரிக்கறேனில்ல?"

அவன் கூரையைப் பார்த்தபடியே, "ஊட்டுக்குள்ளயே இருந்தாக் காய்ச்ச வராது. அவ்ளோதான?" என்றான்.  பிறகு எழுந்து உட்கார்ந்து சொன்னான். "கையக் கட்டிரு."

"என்னங்க?"

"எடது கையக் கழுத்தோட கட்டித் தொங்க உடு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து ஒடஞ்சிருச்சுன்னு சொல்லிக்கறேன். கை கட்டுல இருந்தா பையத் தூக்காதில்ல?"

"நல்ல கையக் கட்டிக்கிட்டா? எத்தன நாளைக்குங்க ஒடஞ்ச கைன்னு சொல்லுவீங்க?"

"கேக்கற வரைக்கும் சொல்லுவேன். ஒடஞ்ச கையப் பாத்து ஒருத்தனும் தலையக் குனிய மாட்டான் சரிதா. எப்புடி ஒடஞ்சுதுன்னுதான் கேப்பான்."

 மெடிக்கலில் விற்கிற, கழுத்தில் மாட்டும் கைத்தூளியை வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். அவன் சும்மா பேசும்போதே கை அதிலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டது. மீந்து கிடந்த பழுப்புத் தோலில் அவள் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினாள். மணிக்கட்டைச் சுற்றி அளந்து, தூளிக்கு உள்பக்கம் வெளியே தெரியாதபடி வைத்துத் தைத்தாள். இரண்டு ஊசி, ஒரே துளை, ஒரே அளவு இழுப்பு. இந்த முறை ஒரு தையல்கூடக் கோணவில்லை. "இறுக்கமா இருக்குதுங்களா?" என்று கேட்டாள். "இருக்கட்டும்" என்றான்.

திங்கட்கிழமை அவளும் கூடப் போனாள். பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்ததும் ஆட்கள் கூடிவிட்டார்கள். காய்ச்சல் என்றுதானே சொன்னார்கள், கைக்கு என்ன ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். காய்ச்சலில் எழுந்து போய்ப் பாத்ரூமில் வழுக்கியதையும், சோப்பு ஒரு பக்கம் தான் ஒரு பக்கம் போனதையும் அவன் நடித்தே காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் தூளியைத் தொட்டுப் பார்த்து, "மாவுக்கட்டு போடலியாண்ணா?" என்றான். "லேசான ஒடைப்புதான்டா" என்றான் சிவக்குமார். பாஷா மட்டும் பேசாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். தொடைக்குப் பக்கத்தில் பை அமைதியாகத் தொங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை.

ராசிபுரத்திலிருந்து வண்டி வந்து நின்றது. இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் அவனை நெருக்கினார்கள். அவன் நோட்டை மடியில் வைத்து நேரத்தை எழுதிவிட்டு, தலையை நிமிர்த்தி, "சேலேம்!" என்று இழுத்தான். அப்போது தூளிக்குள் விரல்கள் மூடித் திறப்பதைச் சரிதா பார்த்தாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகத் திருகித் துணி புடைத்தது. பிறகு கை மறுபடி இழுத்தது. தோல்பட்டை பிடித்துக்கொண்டது. சிவக்குமாரின் முகம் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் பட்டறைக்குப் போனபோது அரை மணி நேரம் தாமதம். குப்பாயி மிஷினை நிறுத்திவிட்டு இவள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் சரிதா, உன்ற ஊட்டுக்காரருக்குக் கை ஒடஞ்சிருச்சாமா? டீக்கடையில சொன்னாங்க."

"ஆமாங்கக்கா."

"எந்தக் கை? சோத்துக் கையா?"

"எடது கைங்க."

"அட, அந்த மட்டுக்குத் தப்பிச்சுது. எப்ப சரியாகுமாமா?"

சரிதா ரெக்ஸினை மிஷினுக்கு அடியில் வைத்து ஓரத்தைச் சரி பார்த்தாள். "தெரியலீங்கக்கா" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள்.